சந்தவாசலில் ஒரு பிரின்டர் வாங்க வேண்டுமென்றால்

படவேட்டு ரேணுகாம்பாளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு வழியில் வரும் ஊர் சந்தவாசல், ஜவ்வாது மலையடிவாரம். பட்டா, சிட்டா, சாதிச் சான்று, ஹால் டிக்கெட் எல்லாமே இணையத்திலிருந்து இறங்கும் காலம் இது. தாளில் எடுக்க ஒரு பிரின்டர் வேண்டும். அதை இணைக்கும் கணினி பழையதாகவும் இருக்கலாம். 2011-இல் தமிழக அரசு கொடுக்கத் தொடங்கிய இலவச மடிக்கணினியில் விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அத்தகைய பழைய மடிக்கணினியில் இன்றைய விண்டோஸ் திணறும். எடை குறைந்த லினக்ஸ் சிரமமில்லாமல் ஓடும். அப்படியானால் வாங்கும் பிரின்டரும் லினக்ஸில் வேலை செய்ய வேண்டும்.

லினக்ஸுக்குப் பின்னால் உள்ள கட்டற்ற மென்பொருள் இயக்கத்துக்கே ஒரு பிரின்டர்தான் தூண்டுகோல். 1980 வாக்கில் எம்.ஐ.டி. ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் நிறுவனத்தின் லேசர் பிரின்டர் வந்தது. தாள் சிக்கினால் எல்லோருக்கும் தகவல் போகும்படி அதன் நிரலைத் திருத்த விரும்பினார் ரிச்சர்ட் ஸ்டால்மன். நிரலை வைத்திருந்தவர்கள் தர மறுத்தார்கள். 1983-இல் அவர் கட்டற்ற இயங்குதளத்துக்கான குனு திட்டத்தை அறிவித்ததற்கு அந்தக் கசப்பும் ஒரு காரணம். பிறகு 1999-இல் மைக்கேல் ஸ்வீட் எழுதிய, லினக்ஸில் பயன்படும் கப்ஸ் என்னும் அச்சு மென்பொருள் வந்தது. ஆப்பிள் தன் மேக் கணினியிலும் அதையே வைத்துக்கொண்டது. அதனால் நமக்கும் நன்மை: பெட்டியில் ஆப்பிளின் ஏர்பிரின்ட் என்று போட்டிருக்கும் வைஃபை பிரின்டர் பெரும்பாலும் தனி டிரைவரே இல்லாமல் புதிய லினக்ஸில் வேலை செய்கிறது.

இனி காசுக் கணக்கு. விலை மலிந்த கார்ட்ரிட்ஜ் பிரின்டரை வாங்கவே வாங்காதீர்கள். எச்பி 680 கறுப்புக் கார்ட்ரிட்ஜ் ஏறத்தாழ 480 பக்கத்தோடு தீர்ந்துவிடும். எப்சன் டேங்க் பிரின்டரில் ஊற்றும் 003 கறுப்பு மை, 65 மில்லி பாட்டில், 4,500 பக்கம் வரை வரும் என்கிறது நிறுவனம். பிரின்டருக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தை மையிலேயே திரும்ப எடுத்துவிடலாம்.

டேங்க் வகையில் என் முதல் ஓட்டு எப்சனுக்கு. அதன் இ.எஸ்.சி/பி-ஆர் டிரைவர் டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வகைகளின் களஞ்சியங்களிலேயே இருக்கிறது, யு.எஸ்.பி. மட்டும் உள்ள மாடலுக்கும் பொதுவாக அது போதும். எச்பிக்கு எச்பிலிப் என்னும் டிரைவர் உண்டு. சில மாடல்கள் மூலநிரல் திறக்காத ஒரு பிளக்-இன்னையும் கேட்கும். பிரதரும் லினக்ஸ் டிரைவர் தருகிறது. ஆனால் அவற்றில் பல இன்டெல் வகைக் கணினிக்கென்றே செய்தவை. ராஸ்பெரி பை போன்ற சிறு கணினியில் ஓடாது.

வேலூரிலோ போளூரிலோ கடைக்குப் போகும்போது உபுண்டு ஏற்றிய பென் டிரைவைக் கையோடு கொண்டுபோய், மடிக்கணினியை அதிலிருந்து துவக்கி ஒரு பக்கம் அடித்துப் பாருங்கள். ஸ்கேனரையும் சோதித்துவிடுங்கள், அச்சு வந்துவிட்டதாலேயே ஸ்கேன் வந்துவிடாது. நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டார்.

வாங்கிய பிறகு சும்மா போட்டுவைக்கக் கூடாது. கோடை வெயிலில் ஹெட்டில் மை காய்ந்து அடைத்துக்கொள்ளும். வாரம் ஒரு வண்ணப் பக்கமாவது அடிக்க வேண்டும். மாதத்துக்குப் பத்துப் பக்கம்தான் தேவை என்கிறவர்கள் இன்க்ஜெட் பக்கமே போக வேண்டாம், ஜெராக்ஸ் கடையே அவர்களுக்கு லாபம்.