கழன்றுபோன ஜெட்

"சினிமா நடிகர் ஓட்டிய விமானம் கோல்ஃப் மைதானத்தில் விழுந்ததே, அதைப் பிரித்துப் பார்த்து என்ன கண்டுபிடித்தார்கள்?" என்று கோபியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். ஹாரிசன் ஃபோர்டைச் சொல்கிறார். 2015 மார்ச் 5 அன்று அமெரிக்காவின் சாண்டா மோனிகா விமான நிலையத்திலிருந்து ரையன் பி.டி.22 என்ற சிறு விமானத்தில் அவர் தனியாகக் கிளம்பினார். 1942-இல் செய்தது, போர்க்காலத்தில் விமானிகள் பழகிய வகை. 1,100 அடி உயரத்துக்கு வந்ததும் எஞ்சின் சக்தி இழந்தது.

எஞ்சினைத் திரும்பக் கிளப்ப அவர் மெனக்கெடவில்லை. மணிக்கு 85 மைல் வேகத்தை விடாமல் பிடித்துக்கொண்டு, நிலையத்தை நோக்கி இடப்பக்கம் திரும்பினார். ஓடுபாதை எட்டாது என்று தெரிந்தது. உயரமான ஒரு மரத்தின் உச்சியில் இடித்துவிட்டுப் பக்கத்து கோல்ஃப் மைதானத்தில் வந்து விழுந்தது விமானம். 72 வயதில் பலத்த காயத்தோடு பிழைத்தார். வேகத்தை விட்டிருந்தால் இறக்கை தாங்கியிருக்காது. பிழைத்தது அந்த நிதானத்தால்தான் என்பேன்.

என்னைப் பிடித்துக்கொண்டது இனி வருவது. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் ஆய்வாளர்கள், பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்ப்பரேட்டரைப் பிரித்தபோது, மெயின் ஜெட் தன் இடத்திலிருந்து கழன்று 90 டிகிரி திரும்பிக் கிடந்தது.

ஜெட் என்றால் எது என்று சொல்லிவிடுகிறேன். அப்பாவின் மொபெட் மழைக்காலத்தில் மக்கர் செய்யும். மெக்கானிக் அண்ணன் கார்ப்பரேட்டரைக் கழற்றி, விரல்நுனியில் நிற்கும் பித்தளைத் துண்டு ஒன்றை எடுத்து, வாயால் ஊதி, வெயிலில் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். அதுதான் ஜெட். நடுவில் ஊசிமுனை அளவு ஓட்டை. எஞ்சினுக்கு எவ்வளவு பெட்ரோல் போகலாம் என்று அளந்துவிடுவது அந்த ஓட்டைதான்.

மொபெட்டில் அது அடைத்துக்கொள்ளும், பெட்ரோல் வராது. விமானத்தில் நேர்மாறு. ஜெட் கழன்றதால் பெட்ரோல் அளவுமீறிப் பாய்ந்தது. ஒரு பங்கு பெட்ரோல் எரிய எடைக்கணக்கில் சுமார் 15 பங்கு காற்று வேண்டும். பாட்டி அவசரத்துக்கு அடுப்பில் விறகைத் திணித்தால் தீ அவிந்து புகை மண்டுமே, அந்தக் கதைதான். பெட்ரோல் மிகுந்ததாலேயே எஞ்சின் படுத்துவிட்டது.

சுமார் 17 ஆண்டுகளுக்கு முன் விமானத்தைப் புதுப்பித்தபோது கார்ப்பரேட்டரையும் பிரித்துச் சரிசெய்திருந்தார்கள். அதன்பின் கொஞ்சங்கொஞ்சமாக ஜெட் தளர்ந்திருக்க வேண்டும் என்கிறது வாரியத்தின் அறிக்கை. அது இறுக்கமாக இருக்கிறதா பார் என்று பராமரிப்புக் குறிப்பில் ஒரு வரி இல்லை. மெக்கானிக்கைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. குறிப்பு எழுதியவர்கள் அந்த ஒரு வரியை எழுதியிருக்க வேண்டும். விமான விபத்து விசாரணை ஆளைக் குற்றம்சாட்டுவதற்கு இல்லை, அடுத்த விபத்தைத் தடுப்பதற்கே என்பது சர்வதேச விதி. இப்படி விட்டுப்போன வரிகளைத் தேடித்தருவதால்தான் அந்த விதிமேல் எனக்கு மரியாதை.

இன்னொன்றும் கண்டார்கள். இதற்குத்தான் எனக்குக் கோபம். விமானத்தில் தோள்பட்டை பெல்ட் இருந்தது, தயாரித்தபோது வைத்ததில்லை, பிற்பாடு மாட்டியது. இருக்கையின் முதுகுப்பகுதியில், பின்னால் பலம் எதுவும் கொடுக்காமல் போல்ட்டை முடுக்கியிருந்தார்கள். மோதிய வேகத்தில் போல்ட், வாஷர், நட் எல்லாம் தகட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டன. பெல்ட் போட்டிருந்தும் தோளைப் பிடிக்க ஒன்றுமில்லை. அவருடைய காயங்களுக்கு இதுவும் காரணம் என்று வாரியம் பதிவு செய்தது.

பழைய வேனிலும் ஜீப்பிலும் நாமும் இப்படித்தான் பெல்ட் மாட்டுகிறோம். பட்டை புதிதாக, பளபளப்பாக இருக்கிறதா என்று பார்ப்பதோடு சரி. உங்கள் வண்டியில் பிற்பாடு மாட்டிய பெல்ட் இருந்தால், இந்த வாரமே மெக்கானிக்கிடம் போய், போல்ட் எந்தத் தகட்டில் பிடித்திருக்கிறது, பின்னால் பலத்துக்கு என்ன கொடுத்திருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள்.