காரம் ஏன் ஆழமாகச் சுடுகிறது?

1920களில் அமெரிக்கக் குழந்தைகள் சமையலறைக் காஸ்டிக் சோடாவைச் சர்க்கரை என்று நினைத்து வாயில் போட்டுக்கொண்டார்கள். உணவுக்குழாய் வெந்து, தழும்பு இறுகி, தண்ணீர்கூட இறங்காத பிள்ளைகள் பிலடெல்பியாவில் டாக்டர் செவாலியர் ஜாக்சனிடம் வந்தார்கள். அவர் விடாமல் போராடினார். 1927இல் சட்டம் வந்தது. காஸ்டிக் சோடா மட்டுமல்ல, கிருமிநாசினியான கார்பாலிக் அமிலத்துக்கும் ‘விஷம்’ என்ற லேபிள் கட்டாயமானது.

அமிலம் பட்டால் புரதம் உறைந்து பொருக்காகும். அதுவே ஓரளவு தடுப்பு. காஸ்டிக் சோடா போன்ற காரத்துக்கு அந்தத் தடையும் இல்லை. திசுவின் கொழுப்பைச் சோப்பாக்கி, புரதத்தைக் கரைத்து, உள்ளே இறங்கிக்கொண்டே போகும். குழந்தையின் தோலோ மெல்லியது.

குடித்தவரை வாந்தி எடுக்க வைத்தால்? அதே திரவம் இரண்டாம் முறை சுடும். தோலில் பட்டால் உடையைக் கழற்றி, ஓடும் தண்ணீரில் 20 நிமிடமாவது கழுவுங்கள். குடித்துவிட்டால், பாட்டிலையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.