பழைய சாமானும் பார்க்கும் கண்ணும்

மலாக்கா பட்டணத்தில் ஜோங்கர் சடக்கு என்று நாம் சொல்லும் ஜாலான் ஹாங் ஜெபாட்டில் பழம்பொருள் கடைகள் இருப்பது உங்களுக்குத் தெரியும். சில ஆண்டுகளுக்கு முன் அங்கே ஒரு கடை வாசலில் பித்தளைக் குடம் ஒன்றைப் பார்த்தேன். கழுத்துக்குக் கீழே, உளியால் புள்ளி புள்ளியாகக் கொத்திய தமிழ் எழுத்துகள். தலைப்பெழுத்து, பெயர், பக்கத்தில் ஒரு சின்னப் பூ. யாரோ ஒரு பெண்ணுக்குச் சீராக வந்த குடம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. விலை கேட்டேன். முந்நூறு வெள்ளிக்கு மேல் சொன்னார்கள்.

புலாவ் செபாங், தெபோங், காடேக், ரெம்பியா வட்டாரத்துத் தோட்டங்களில் லயத்தைக் காலி செய்து கொண்டு தாமான் வீட்டுக்குப் போகிறபோது, இப்படிப்பட்ட குடங்களும் அண்டாக்களும் எங்கே போயின? லாரியோடு வந்த பழைய இரும்புக்காரரின் தராசுக்குத்தான் போயின. அவர் கிலோவுக்குக் காசு கொடுத்தார். அதில் அவர் யாரையும் ஏமாற்றினார் என்று சொல்ல முடியாது. அவர் வாங்கியது பித்தளை; ஜோங்கர் கடைக்காரர் விற்பதோ குடம். ஒரே பொருளுக்கு உலோகமாக ஒரு விலை, பண்டமாக ஒரு விலை. நாம் மலிவு விலையில் பழைய சாமான் வாங்கப் போகும்போதும் இதே கணக்குத்தான் நடக்கிறது. அங்கே நாம் தராசின் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதுதான் கேள்வி.

மேல்நாடுகளில் சனி, ஞாயிறுகளில் வீட்டுக்காரர்கள் தமக்கு வேண்டாத சாமான்களை முற்றத்தில் பரப்பி விற்பார்கள். நம் நாட்டில் அந்த வழக்கம் வேறு உருவங்களில் இருக்கிறது. வெள்ளைக்கார துரைமார் ஊர் திரும்பும்போது பங்களாச் சாமான்களை விற்றுவிட்டுப் போவார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பள்ளிக்கூடங்களும் மாதா கோவில்களும் நிதிக்காக நடத்தும் ஜம்பல் சேல் உண்டு. பினாங்கில் லோரோங் கூலிட், ஜொகூர் பாருவில் பாசார் காராட் என்று பழைய பொருள் சந்தைகள் பெயர் பெற்றவை. ஜப்பான், கொரியாவிலிருந்து மூட்டையாக வரும் உடுப்புகளை விற்கும் பண்டல் கடைகள் சின்னப் பட்டணங்களிலும் இருக்கின்றன. லேலாங் என்ற மலாய்ச் சொல்லும் ஏலம் என்ற நம் சொல்லும் ஒரே போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து வந்தவை. 1511-இல் மலாக்காவைப் பிடித்தவர்கள் விட்டுப்போன சாமான்களில் அதுவும் ஒன்று.

சரி, சந்தைக்குப் போகிறோம். பையில் ஒரு சின்னக் காந்தம் இருக்கட்டும். பித்தளை, செம்பு, வெண்கலம், வெள்ளி, இவற்றில் காந்தம் ஒட்டாது. மஞ்சளாக மின்னுகிற விளக்கில் காந்தம் கப்பென்று பிடித்தால், உள்ளே இரும்பு, மேலே பூச்சு. ஒட்டவில்லை என்பதனாலேயே நல்ல பித்தளை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மட்டமான வெள்ளைக் கலப்பு உலோகத்திலும் காந்தம் ஒட்டாது. ஆகவே அடிப்பக்கத்தைத் திருப்பி, தேய்ந்த இடத்தைப் பாருங்கள். தேய்ந்த இடமும் மஞ்சளாக இருந்தால் பித்தளை, வெளுத்திருந்தால் பூச்சு. பிறகு விரலால் சுண்டுங்கள். மண்பானை வாங்கும்போது நம் பாட்டிமார் தட்டிப் பார்ப்பார்களே, அதே வித்தைதான். வெண்கலம் கணீரென்று நீண்டு ஒலிக்கும். விரிசல் இருந்தால் செத்த ஓசை வரும். கரண்டிகளின் பின்புறம் ஈ.பி.என்.எஸ். என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால், அது நிக்கல் கலப்பின் மீது வெள்ளி முலாம் பூசியது என்று பொருள். வெள்ளிச் சாமான் என்று சொல்லி அதை விற்பவர் உண்டு.

பழைய பித்தளைப் பாத்திரத்தைச் சமையலுக்கு எடுப்பதாக இருந்தால் உள்ளே ஈயப் பூச்சு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பூச்சுப் போன பாத்திரத்தில் புளிக்குழம்பு வைத்தால் செம்பு கரைந்து உணவில் கலக்கும். வாந்தியும் வயிற்று வலியும் வரும். இந்தப் பூச்சு வெள்ளீயம். காரீயம் வேறு, அது நஞ்சு. ஈயம் பூசுகிறவர்கள் இப்போது அரிதாகிவிட்டார்கள் என்பதால், அப்படிப்பட்ட பாத்திரத்தைத் தண்ணீர்த் தொட்டியாகவோ பூந்தொட்டியாகவோ வைத்துக் கொள்வது மேல். பூப்போட்ட பழைய பீங்கான் தட்டுகளின் வர்ணத்தில் காரீயம் இருக்கக்கூடும். அவற்றைச் சுவரில் மாட்டலாம், சோறு போட வேண்டாம்.

பழைய சாமானில் நான் மனதார வாங்கச் சொல்வது ஒன்று உண்டு. அது கைச்சக்கரம் வைத்த சிங்கர் தையல் மெஷின். பழம்பொருள் என்ற முறையில் அதற்குப் பெரிய விலை கிடையாது. இலட்சக்கணக்கில் செய்து விற்றார்கள், இன்னும் எங்கும் கிடக்கின்றன. ஆனால் வார்ப்பிரும்பு உடம்பு எளிதில் கெடாது. சாதாரண வீட்டு மெஷின் ஊசியே பல மாடல்களுக்குப் பொருந்தும். மெஷினின் மேல் பொறித்திருக்கும் எழுத்தையும் எண்ணையும் வைத்து அது செய்யப்பட்ட ஆண்டைக் கூடக் கண்டுபிடிக்கலாம். வாங்கும்போது ஒரு துண்டுத் துணியும் நூலும் கையோடு கொண்டு போங்கள். சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். இறுகியிருந்தால் பயமில்லை, எண்ணெய் விட்டால் பெரும்பாலும் இளகும். அடியில் பாபின் கூடு இருக்கிறதா என்று பாருங்கள், அதுதான் வழக்கமாகக் காணாமல் போவது. இரண்டு விரற்கடை தைத்துப் பார்த்து, இரு பக்கமும் தையல் ஒன்றுபோல் விழுந்தால் விலை பேசலாம். தையல் படித்த பெண்ணுக்கு இதைவிட நல்ல கலியாணப் பரிசு எனக்குத் தெரியவில்லை.

பரிசு என்றதும் சில தாய்மார்கள் முகம் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. "பிறர் ஆண்ட பொருளை மங்கல காரியத்துக்குக் கொடுப்பதா?" என்பார்கள். உடுத்த புடவையையும் படுத்த மெத்தையையும் பற்றி அப்படிச் சொன்னால் நானும் ஒப்புக் கொள்வேன். குத்துவிளக்கு அப்படியல்ல. புளி போட்டுத் துலக்கி, பொட்டிட்டு ஏற்றினால் அது நம் வீட்டு விளக்கு. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது உண்மைதான். ஆனாலும் ஒரு மாதத்தில் மூன்று கலியாணப் பத்திரிகை வந்தால் அந்தச் சம்பளம் எவ்வளவு தாங்கும்? பெறுகிறவரிடம் பழையது என்று ஒளிக்காமல் சொல்லிக் கொடுங்கள், அவ்வளவுதான்.

வாங்கவே கூடாதவையும் உண்டு. மோட்டார் சைக்கிள் தலைக்கவசம் பழையது வேண்டாம். ஒரு முறை விழுந்திருந்தால் வெளியே கீறல் தெரியாமலே உள்ளே நொறுங்கியிருக்கும். பிரஷர் குக்கரின் அடி வெளியே புடைத்திருந்தால் தொடாதீர்கள். ரப்பர் வளையம் புதிதாக மாற்றலாம், புடைப்பை மாற்ற முடியாது. இரும்பு உடம்புள்ள பழைய மேசை விசிறியின் கம்பியில் மேலுறை வெடித்திருந்தால் அது விலைக்கு வாங்கும் மின்தாக்கு. பண்டல் உடுப்பைக் கொதிநீரில் முக்காமல் பிள்ளைக்குப் போடாதீர்கள். மூட்டைப்பூச்சி ஒன்று வந்தால் வீட்டையே காலி செய்ய வேண்டி வரும்.

நாணயங்களைப் பற்றித்தான் வதந்தி அதிகம். ஆறாம் ஜார்ஜ் மன்னர் தலை போட்ட சதுர ஒரு காசு ஆயிரம் வெள்ளி பெறும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். அது ஏராளமாக வெளிவந்த காசு, சில வெள்ளிக்கே கிடைக்கும். வாழைமரம் போட்ட பத்து வெள்ளி ஜப்பானிய நோட்டும் அப்படித்தான். இங்கிருந்து மலாக்காவுக்கு ஓடிய ரயில் பாதையைப் பெயர்த்துச் சயாம்-பர்மா பாதைக்குக் கொண்டு போன அதே ஆட்சி அடித்துக் குவித்த தாள் அது. வீட்டில் பழைய காசு இருந்தால் அதைப் புளி போட்டுத் தேய்க்க மட்டும் வேண்டாம். விளக்குக்குச் செய்வதைக் காசுக்குச் செய்தால் சேகரிப்பவர் விலையைப் பாதியாகக் குறைப்பார். அவருக்கு வேண்டியது அந்தக் கறைதான். பாட்டியின் பழைய பட்டுப் புடவை வேறு விஷயம். அசல் ஜரிகையில் சிவப்புப் பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பி சுற்றிப் பொன்முலாம் பூசியிருப்பார்கள். ஓர் இழையைச் சுரண்டினால் உள்ளே சிவப்பு தெரிந்தால், வாசலில் பிளாஸ்டிக் வாளிக்கு அதை மாற்றிக் கொள்ளாதீர்கள்.

பேரம் பேச வழி எளிது. நல்ல சாமான் வேண்டுமென்றால் கடை விரிக்கும்போது போக வேண்டும். நல்ல விலை வேண்டுமென்றால் மூட்டை கட்டும்போது போக வேண்டும். திரும்பச் சுமந்து கொண்டு போக எந்த வியாபாரிக்கும் மனம் வராது. "பொலே கூராங்?" என்று கேட்பதில் வெட்கம் எதற்கு?

வாங்கி விற்று நாலு காசு பார்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். டிபன் கேரியர் ஐந்து, ஒன்று பத்து வெள்ளி வீதம் ஐம்பது வெள்ளிக்கு வாங்குகிறீர்கள். கைப்பிடி திருத்தவும் துலக்கவும் ஒன்றுக்கு ஐந்து வெள்ளி, ஆக 25. பஸ் செலவு 12. மொத்தம் 87. முப்பது வெள்ளி வீதம் மூன்று விற்றால் வருவது 90. கையில் லாபம் மூன்று வெள்ளி, வீட்டு மூலையில் இரண்டு கேரியர். அந்த இரண்டும் விற்றால்தான் இது வியாபாரம். ஆகவே விற்க முடியாவிட்டால் நாமே பயன்படுத்தலாம் என்ற சாமானை மட்டும் முதலில் வாங்குங்கள்.

பழைய பொருள்களை வாங்கி விற்பதையே தொழிலாக நடத்த, 1946-ஆம் ஆண்டின் பழைய பொருள் வணிகர் சட்டப்படி உரிமம் வேண்டும். வாங்கியதைப் புத்தகத்தில் பதியவும் வேண்டும். காவல் நிலையத்தில் விசாரித்தால் விவரம் சொல்வார்கள். சந்தையில் இடம் பிடிக்க அலோர் காஜா நகராண்மைக் கழகத்தைக் கேட்க வேண்டும். இரசீதும் பெட்டியும் இல்லாத கைத்தொலைபேசி, தங்கச் சங்கிலி, மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகம், இவை எவ்வளவு மலிவாக வந்தாலும் ஒதுங்கிப் போங்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நினைக்கக் காரணம் இருந்தோ வாங்கினால், குற்றவியல் சட்டத்தின் 411-ஆம் பிரிவின்படி ஐந்தாண்டு வரை சிறை உண்டு.

இனி லயத்தைக் காலி செய்யும் நாள் வந்தால், லாரி வருவதற்கு முதல் நாளே பித்தளைச் சாமான்களைத் தனியே எடுத்து வையுங்கள். மளிகைக் கடைத் தராசில் நிறுத்து எடையைக் குறித்துக் கொள்ளுங்கள். ஒருவரிடம் கேட்ட விலையை இன்னொருவரிடமும் கேளுங்கள். கிலோவுக்கு என்ன என்று கேட்காமல், இந்தக் குடத்துக்கு என்ன என்று கேளுங்கள். பெயர் கொத்திய பாத்திரம் இருந்தால், விற்கும் முன் அந்தப் பெயருக்குரியவரின் பேரப்பிள்ளைகள் யாருக்காவது வேண்டுமா என்று ஒரு வார்த்தை விசாரியுங்கள்.