எஞ்சின் பூட்டும் பின்பலகை உளுத்திருந்தால்: பைபர் படகின் நடுப்பலகையை மாற்றும் முறை

இடம்பெயர்ந்திருந்த காலத்தில் கரையில் கிடந்த உங்கள் பைபர் படகு வெளிப்பார்வைக்கு நல்ல நிலையில் இருக்கலாம். ஆனாலும் கடலில் இறக்குவதற்கு முன் எஞ்சின் பூட்டும் பின்பலகையைச் சோதித்துப் பாருங்கள். பெரும்பாலான படகுகளில் அது முழுக்க பைபர் அல்ல. இரண்டு பைபர் படைகளுக்கு நடுவே பிளைவூட் வைத்து ஒட்டப்பட்டது. போல்ட் துளைகள் வழியாக மழைநீர் இறங்கினால் பிளைவூட் உள்ளேயே உளுத்துவிடும். வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாது. அந்தப் பலகை கடலில் வைத்து முறிந்தால் எஞ்சினும் போகும், படகுக்குள் தண்ணீரும் ஏறும்.

சுத்தியலின் பிடியால் பலகை முழுவதும் தட்டுங்கள். கணீரென்ற சத்தம் வரும் இடம் நல்லது, பொத்தென்று கேட்கும் இடம் சந்தேகத்துக்குரியது. அங்கே உட்புறத்திலிருந்து சிறு துளையிட்டுப் பாருங்கள். ஈரமான கருந்தூள் வந்தால் நடுப்பலகையை மாற்றத்தான் வேண்டும். மேலே இன்னொரு பைபர் படை ஒட்டி மூடுவது காசை வீணாக்கும் வேலை. ஈரத்தின் மேல் றெசின் பிடிக்காது.

பாரம் குறைவு என்பதால் தேன்கூட்டு அட்டை போடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். தளத்துக்கு அது பொருந்தும். எஞ்சின் இறுக்கும் இடத்தில் போல்ட்டை முறுக்கியவுடன் அதன் கண்ணறைகள் நசுங்கிவிடும். அது ஊர் ஹாட்வெயாரில் எளிதில் கிடைக்கும் பொருளுமல்ல. றெஜிபோமை எந்த இடத்திலும் வைக்க வேண்டாம். பொலியெஸ்டர் றெசின் பட்டதும் கரைந்துபோகும். பின்பலகைக்கு நீர் தாங்கும் மரைன் பிளைவூட்டே ஏற்றது. பழைய தடிப்பை அளந்து அதே தடிப்பில் வாங்குங்கள்.

வெளிப்புறப் படையைத் தொடாமல் உட்புறப் படையை மட்டும் வெட்டியெடுத்தால் படகின் வடிவம் மாறாது. உளுத்த மரத்தை முழுவதும் சுரண்டி எடுத்து, உட்பகுதியைப் பல நாட்கள் காயவிடுங்கள். மாரி மழை தொடங்க முன் இந்த வேலையை முடிப்பது நல்லது. காய்ந்த பின் பளபளப்புப் போகும்வரை தேய்த்துத் தூசி துடையுங்கள். தேய்க்கும்போது மூக்கையும் வாயையும் மூடும் முகக்கவசம் அவசியம். புதிய பிளைவூட்டின் எல்லாப் பக்கங்களுக்கும், முக்கியமாக வெட்டிய விளிம்புகளுக்கு, றெசின் பூசுங்கள். பின்னர் றெசினில் நனைத்த பைபர் மட் ஒன்றை இடையில் வைத்து, ஓரங்களில் றெசின் பிதுங்கும்வரை கிளாம்பால் இறுக்குங்கள். அது இறுகியதும் உட்புறத்தை மட்டால் மூடி, படகின் பக்கச் சுவர்கள்மீதும் ஒரு சாண் அளவுக்கு ஏற்றி ஒட்டுங்கள்.

ஒரு கிலோ றெசினுக்கு 10 முதல் 20 கிராம் வரை ஹாட்னர் போதும். வெயில் கூடினால் குறைவாக. கோபால்ட்டைத் தனிப் போத்தலில் தந்திருந்தால் முதலில் அதை றெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு அதன்பிறகே ஹாட்னர் ஊற்றுங்கள். இரண்டையும் நேரடியாக ஒன்றோடொன்று சேர்த்தால் வெடிக்கும். பிள்ளைகள் எட்டாத இடத்தில், வெவ்வேறாக வையுங்கள். ஹாட்னர் கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் நல்ல தண்ணீரால் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

போல்ட் துளைகளைத் தேவைக்கு மேல் பெரிதாகத் துளைத்து, பைபர் நூல் கலந்த றெசினால் நிரப்பி, அது இறுகிய பின் சரியான அளவில் மறுபடி துளையுங்கள். இப்படிச் செய்தால் போல்ட் மரத்தைத் தொடாது, தண்ணீரும் உள்ளே போகாது. எஞ்சினைப் பூட்ட ஓரிரு நாட்கள் பொறுத்திருங்கள். முதல் சில பயணங்களில் கரையோரமாகவே ஓடித் திரும்பி, போல்ட்டுகள் தளர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள்.