ஓடினால்தான் சூடேறும்

மார்கழி பிறந்தால் போதும், விடியற்காலை நாலரை மணிக்கு எங்கள் தெருவில் அந்தச் சத்தம் எழுந்துவிடும். எதிர்வீட்டு அண்ணன் கலாசிப்பாளையத்தில் காய்கறி ஏற்றிக் கடை கடையாகப் போடுகிறவர். சொந்த பிக்கப். சாவியைத் திருப்பி, மீட்டர் பலகையில் சுருள் கம்பி வடிவில் எரியும் ஆரஞ்சு விளக்கு அணையும்வரை காத்திருந்து ஸ்டார்ட் செய்வார். இன்ஜின் இரண்டு முறை உதறிக்கொண்டு எழும். தெருவிளக்கின் வெளிச்சத்தில் வெள்ளைப் புகை மதில் உயரத்தைத் தாண்டாமல் அப்படியே படரும். சைலன்சர் நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும். வண்டியை ஓடவிட்டு அவர் உள்ளே போய்விடுவார். குளித்து, காபி குடித்து, திருநீறு பூசிக்கொண்டு வெளியே வரக் கால் மணி நேரம் ஆகும்.

“இவ்வளவு நேரம் ஓட விடணுமாண்ணே?” என்று ஒருநாள் கேட்டேன்.

“ஆயில் மேல ஏறணும் சார். பனியில நின்ன வண்டியச் சூடு பண்ணாம எடுத்தா இன்ஜின் தாங்காது. மேட்டடார் ஓட்டுன காலத்துலயே எங்க மேஸ்திரி சொல்லிக் குடுத்தது.”

மேஸ்திரி சொன்னது தவறில்லை. அந்தக் காலத்து இன்ஜினுக்கு அது சரியான பாடம். இன்றைய இன்ஜினுக்கும் பெங்களூர்க் குளிருக்கும் கணக்கு வேறு.

டீசல் இன்ஜினில் தீப்பொறி தரும் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் வரும் காற்றைப் பிஸ்டன் ஏறத்தாழ 16 முதல் 18 மடங்கு நெருக்குகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடுமே, அதே சங்கதிதான். நெருக்கப்பட்ட காற்று 500 டிகிரி செல்சியஸையும் தாண்டும். அதில் தெளிக்கப்படும் டீசல் தானாகவே பற்றிக்கொள்ளும். குளிர்ந்த காலையில் இங்கேதான் சிக்கல். இரவெல்லாம் பனியில் நின்ற இரும்புச் சுவர் அந்தச் சூட்டை உறிஞ்சிக்கொள்கிறது. கெட்டிப்பட்ட ஆயிலை எதிர்த்துச் சுழல்வதால் செல்ஃப் மோட்டாரின் வேகமும் குறைகிறது. இந்தக் குறையை ஈடுகட்டத்தான் மெக்கானிக்குகள் ‘ஹீட்டர் பிளக்’ என்று சொல்லும் சின்னக் கம்பி இருக்கிறது. சில வினாடிகளில் அதன் நுனி 800 டிகிரிக்கு மேல் சிவந்து பழுக்கும். ஆரஞ்சு விளக்கு சொல்லும் சேதி அதுதான். பற்றாமல் தப்பிய டீசல் துளிகள்தான் கண்ணை எரிக்கும் அந்த வெள்ளைப் புகை.

பழைய மேட்டடார் போன்ற வண்டிகளில் டீசல் நேராகச் சிலிண்டருக்குள் போகாது. பக்கத்தில் ஒரு குட்டி அறையில் முதலில் பற்றி, பிறகுதான் உள்ளே பாயும். அறைக்குள் அறை என்பதால் சூட்டை விழுங்கும் சுவரும் அதிகம். அந்த இன்ஜின்கள் குளிரில் முரண்டு பிடித்ததற்கு அது ஒரு காரணம். டீசலை அளந்து தள்ளிய பம்புக்கும் காலைக் குளிர் தெரியாது. அந்தப் பம்பின் கதையில் பெங்களூருக்கே பங்கு உண்டு. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1927இல் டீசல் பம்பைப் பெருமளவில் செய்யத் தொடங்கியது. 1951இல் தொடங்கப்பட்ட மைகோ, அதை ஆடுகோடி ஆலையில் செய்தது. 2008இல் பெயர் பாஷ் என்று மாறிவிட்டாலும் ஊர்க்காரர்கள் வாயில் இன்னும் அது மைகோதான். இன்று பிக்கப்களில் இருப்பது காமன் ரெயில் முறை. சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேலான அழுத்தத்தில் டீசல் மூடுபனி போலத் தெளிக்கப்படுகிறது. கூலன்ட் எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று ஒரு சென்சார் பார்த்துச் சொல்ல, எப்போது, எவ்வளவு தெளிப்பது என்று கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது. மேஸ்திரி காதால் கேட்டுச் செய்ததை அது கணக்குப் போட்டுச் செய்கிறது.

சரி, ஆயில் ஏற வேண்டாமா? வேண்டும். ராத்திரி நின்ற வண்டியில் ஆயில் வடிந்து அடித்தொட்டியில் கிடக்கும். ஸ்டார்ட் ஆன சில வினாடிகளில் பம்ப் அதை மேலே ஏற்றிவிடும். டர்போ உள்ள வண்டியில் இன்னும் கொஞ்சம் பொறுமை நல்லது. அதன் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலக்கூடியது. அதன் தண்டு மிதப்பதே ஆயில் படலத்தின் மேல்தான். அதனால் ஸ்டார்ட் ஆன உடனே ஆக்சிலரேட்டரை மிதித்து ரேஸ் செய்வதுதான் உண்மையில் பாவம். அரை நிமிடம் சும்மா ஓடவிட்டால் போதும்.

நம் ஊர் ஆயில் டப்பாவில் 15 டபிள்யூ 40 என்று எழுதியிருக்கும். அந்த டபிள்யூ, குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கில எழுத்து. 15 டபிள்யூ ரக ஆயிலைச் சோதிப்பது மைனஸ் 20, மைனஸ் 25 டிகிரியில். பெங்களூர் நகரில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 7.8 டிகிரி, அதுவும் 1884 ஜனவரி 13 அன்று. வழக்கமான ஜனவரி விடியலில் 15, 16 டிகிரி இருக்கும். நமக்குக் கம்பளி தேவைப்படும் குளிர்தான். அந்த ஆயிலுக்கு அது குளிரே இல்லை.

கால் மணி நேரம் ஓடவிட்டால் கூடுதல் நன்மை என்றாவது சொல்ல முடியுமா? அதுவும் இல்லை. சும்மா நிற்கும் இன்ஜின் எரிக்கும் டீசல் மிகக் கொஞ்சம், அதனால் பிறக்கும் சூடும் கொஞ்சம். தெர்மோஸ்டாட் திறக்கும் 80 டிகிரி சொச்சத்தை எட்டவே நெடுநேரம் பிடிக்கும். அதே வண்டி இரண்டாவது, மூன்றாவது கியரில் நிதானமாக ஓடினால் சில கிலோமீட்டரிலேயே சூடு காட்டும் முள் ஏறிவிடும். கியர்பாக்ஸும் டிஃபரன்ஷியலும் வீல் பேரிங்கும் டயரும் நின்ற இடத்தில் சூடாகவே மாட்டா. அவற்றுக்கு ஓட்டம் ஒன்றுதான் மருந்து.

இப்படி நெடுநேரம் நின்றபடி ஓடவிடுவதால் கெடுதல் மட்டும் உண்டு. குளிர்ந்த சுவரில் படிந்த டீசல், ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி ஆயிலையே நீர்க்கச் செய்யும். சைலன்சரில் சொட்டும் தண்ணீரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். டீசலில் உள்ள ஹைட்ரஜன் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து நீராகிறது, ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர். சூடான இன்ஜினில் அது ஆவியாகப் போய்விடும். சூடேறாத இன்ஜினில் ஒரு பங்கு உள்ளேயே தங்கி ஆயிலோடு கலக்கும், சைலன்சரைத் துருப்பிடிக்க வைக்கும். 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 வண்டிகளில் இன்னொரு தொல்லை. புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி, 600 டிகிரி அளவுச் சூட்டில்தான் அந்தக் கரியை எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். நின்றபடி உறுமும் வண்டியில் அந்தச் சூடு வராது. கரி சேர்ந்து அடைப்பு விளக்கு எரிந்தால் சர்வீஸ் செலவு சின்ன முதலாளியின் கழுத்தைத்தான் பிடிக்கும்.

என் மனத்தை உறுத்துவது அந்தப் புகை போகும் இடம். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது. மேகமற்ற குளிர்கால இரவில் தரை சட்டென்று குளிர்ந்துவிடும். அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனத்துப்போகும், மேலே இருக்கும் காற்று அதைவிட வெதுவெதுப்பாக இருக்கும். இந்தத் தலைகீழ் நிலையில் கீழ்க்காற்று மேலே எழ முடியாது. தேவனஹள்ளி விமான நிலையத்தை மார்கழி, தை விடியல்களில் மூடுபனி மூடுவதற்கும் தரை இப்படிக் குளிர்வதே காரணம். புகை கலைய மிக மோசமான நேரம் எதுவோ, சரியாக அந்த நேரத்தில் நாம் புகை விடுகிறோம். பக்கத்து ஜன்னலுக்குப் பின்னால் மூச்சிழுப்புக் குழந்தை ஒன்று தூங்கிக்கொண்டிருக்கலாம்.

உண்மையான குளிர் என்றால் அது லடாக். அங்கே டீசலில் உள்ள மெழுகு கெட்டியாகி வடிகட்டியை அடைத்துவிடும். 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் லடாக்குக்கென்றே கொண்டுவந்த குளிர்கால டீசல் மைனஸ் 33 டிகிரி வரை ஓடும் தன்மையுள்ளது. கனடாவின் எட்மண்டன் போன்ற ஊர்களில் இன்ஜினில் பொருத்திய ஹீட்டரை இரவு முழுதும் மின்சாரத்தில் செருகி வைப்பார்கள். ஆனால் நம்மவர்கள் ஏராளமாக வாழும் டொராண்டோவில் ஒரு மணி நேரத்துக்குள் ஒரு நிமிடத்துக்கு மேல் வண்டியை வெறுமே ஓடவிடக் கூடாது என்று மாநகர விதியே இருக்கிறது.

மணிக்கு அரை லிட்டர் என்று குறைத்து வைத்தாலும், தினம் கால் மணி நேரம் ஓடவிட்டால் மார்கழி ஒரு மாதத்துக்கே நாலு லிட்டர் அளவு டீசல் போகும். பிக்கப் வைத்திருக்கும் அண்ணன்மார்களுக்கு நான் சொல்வது இதுதான். ஹீட்டர் விளக்கு அணையட்டும், ஸ்டார்ட் செய்யுங்கள், முப்பது எண்ணுங்கள், வண்டியை எடுங்கள். முள் நடுவுக்கு வரும்வரை ரேஸ் செய்யாமல் போங்கள். அடுக்குமாடியின் அடித்தள பார்க்கிங்கிலோ மூடிய ஷெட்டிலோ அந்த முப்பது வினாடிகூட வேண்டாம். விஷவாயு தேங்கும் இடம் அது, உடனே வெளியே கொண்டுவந்துவிடுங்கள். காபியை முதலில் குடித்துவிட்டு, பிறகு சாவியைத் திருப்புங்கள்.