சுற்றுக் கணக்கு – 14: மைலுக்கு முளைத்த வால்

மேரி கெய்ன் கதையைப் போன வாரமே சொல்லியாயிற்று. நியூயார்க் மாநிலத்தின் பிராங்ஸ்வில் பள்ளியில் படித்துக்கொண்டே, 17 வயதில், 2013 மாஸ்கோ உலக சாம்பியன்ஷிப்பின் 1500 மீட்டர் இறுதிச் சுற்றில் ஓடியவர். இந்த ஒரு வரி நினைவிருந்தால் மேலே படிக்கலாம். மறந்தவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளவும்.

இந்த வாரம் கேட்லின் டூயி. அவர் பள்ளியில் ஓடியது, பிறகு கல்லூரியில் ஓடியது, இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவதாகத்தான் ஏற்பாடு. இடையில் ஒரு சின்னக் கழித்தல் கணக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. கணக்கு வரட்டும், முதலில் ஆளைப் பார்த்துவிடலாம்.

நியூயார்க் நகரத்துக்கு வடக்கே, ஹட்சன் ஆற்றின் மேற்குக் கரையில் இருக்கிறது ராக்லண்ட் கவுன்டி. அங்குள்ள நார்த் ராக்லண்ட் உயர்நிலைப் பள்ளிதான் டூயியின் பள்ளி. பிறந்தது 2002 மார்ச். அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி என்றால் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டுவரை. நியூயார்க் மாநிலத்தில் ஒரு சலுகை உண்டு. ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று அசாத்தியத் திறமையோடு இருந்தால், உடல் வளர்ச்சியையும் தகுதியையும் சோதித்துப் பார்த்துவிட்டு, பெரிய பிள்ளைகளின் பள்ளி அணியிலேயே சேர்த்துவிடலாம். கெய்ன் அப்படி வந்தவர்தான். டூயியும் ஏழாம் வகுப்பிலேயே அக்காமார்களோடு ஓட ஆரம்பித்துவிட்டார்.

பத்தாம் வகுப்புக்கு வரும்போது கூட ஓட ஆளில்லை. 2017 இலையுதிர் காலத்தில் தொடங்கி 2018 ஜூனில் முடிந்த அந்த ஒரு கல்வியாண்டைப் போல இன்னொன்று பள்ளித் தடகளத்தில் அரிது. டிசம்பரில் போர்ட்லண்ட் நகரின் க்ளென்டோவர் கோல்ஃப் மைதானத்தில் நைக்கி கிராஸ் நேஷனல்ஸ். நாட்டின் சிறந்த பள்ளிப் பிள்ளைகள் புல்லிலும் சேற்றிலும் 5 கிலோமீட்டர் ஓடும் கிராஸ் கன்ட்ரி போட்டி அது. டூயி 16 நிமிடம் 44.7 விநாடியில் முதலாவது. ஜனவரியில் வர்ஜீனியாவின் லிஞ்ச்பர்க்கில் உள்ளரங்க 5000 மீட்டர், 16:06.87. அமெரிக்கப் பள்ளி மாணவிகளில் அதுவரை யாரும் உள்ளரங்கில் அத்தனை வேகமாக அந்தத் தொலைவைக் கடந்ததில்லை. 200 மீட்டர் வட்டத்தில் 25 சுற்று. சுற்றுக்குச் சராசரி 38.67 விநாடி. பிறகு வெளியரங்கில் 3200 மீட்டர், 9:47.88. அதுவும் தேசியச் சாதனை. ஜூனில் வட கரோலினாவின் க்ரீன்ஸ்பரோவில் ஒரு மைல், 4:33.87. அதுவும் வெளியரங்கச் சாதனை. அந்த ஆண்டு எல்லா விளையாட்டுகளையும் சேர்த்து நாட்டின் தலைசிறந்த பள்ளி வீராங்கனைக்குத் தரப்படும் கேட்டரேட் விருதும் அவருக்கே போனது. வயது 16.

இனி அந்தக் கழித்தல் கணக்கு.

டூயி முறியடித்த மைல் சாதனை கலிஃபோர்னியா மாணவி பாலி ப்ளூமருடையது. 4:35.24. ஆண்டு 1982. டூயி பிறப்பதற்கு 20 ஆண்டுகள் முந்தியது. 36 ஆண்டு நின்ற சாதனை என்றால் எவ்வளவு பெரிய இடைவெளியில் உடைந்திருக்கும் என்று நினைக்கத் தோன்றுகிறது? கழித்துப் பார்த்தால் 1.37 விநாடி.

இதை விநாடியாக விட்டுவைத்தால் ருசி தெரியாது. மீட்டராக்க வேண்டும். அதற்கு முன் அமெரிக்கப் பள்ளிகளின் ஒரு விநோதம். 1980 வாக்கில் அங்கே பள்ளித் தடகளம் கெஜத்தை விட்டு மீட்டருக்கு மாறியது. மாறியவர்கள் ஒழுங்காக 1500, 3000 என்று உலகத்தோடு சேர்ந்திருக்கலாம். மாட்டோம் என்றார்கள். மைல் ஓடிய பிள்ளைகளுக்கு மைல் மாதிரியே ஒன்று வேண்டும். 400 மீட்டர் ஓடுதளத்தில் முழுச் சுற்றாகவும் வரவேண்டும். ஆக நான்கு சுற்றுக்கு 1600, எட்டுச் சுற்றுக்கு 3200. ஒலிம்பிக்கில் தனிநபர் ஓட்டமாக இந்த இரண்டும் கிடையாது. மீட்டர்க்காரரும் ஏற்காத, மைல்காரரும் ஏற்காத இரண்டுங்கெட்டான் தொலைவுகள். இன்றுவரை லட்சக்கணக்கான பிள்ளைகள் அதைத்தான் ஓடிக்கொண்டிருக்கிறார்கள்.

அசல் மைல் 1609.344 மீட்டர். பள்ளி ஓட்டத்தைவிட 9.344 மீட்டர் கூடுதல். ஒரு டவுன் பஸ்ஸின் நீளத்தைவிடக் கொஞ்சம் குறைவு. இந்த வால் ஓட்டத்தின் கடைசியில் வருவதில்லை, ஆரம்பத்திலேயே வந்துவிடுகிறது. மைல் ஓடுபவர்கள் முடிவுக் கோட்டிலிருந்து 9.34 மீட்டர் பின்னால் தள்ளி நின்று புறப்படுவார்கள். துப்பாக்கி வெடித்த மறுகணம் முடிவுக் கோட்டைத் தாண்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு முழுதாக நான்கு சுற்று.

டூயி ஓடிய வேகத்தில் அந்த வாலுக்கு ஆன நேரம் ஏறக்குறைய 1.59 விநாடி. 36 ஆண்டுகளில் குறைந்தது 1.37 விநாடி. அதாவது, கால் நூற்றாண்டையும் தாண்டி அமெரிக்கப் பள்ளி மாணவிகளின் வெளியரங்க மைல் கண்ட முன்னேற்றம் முழுவதும் அந்த வாலுக்குள் அடங்கிவிடுகிறது! 1982-ன் ப்ளூமரையும் 2018-ன் டூயியையும் ஒரே கோட்டிலிருந்து ஓடவிட்டால், டூயி முடிக்கும் கணத்தில் ப்ளூமர் 8 மீட்டர் பின்னால் இருப்பார். புறப்பட்ட கோட்டைக் கடைசியாக ஒருமுறை தாண்டி, முடிவுக் கோட்டை நோக்கி வந்துகொண்டிருப்பார். இரண்டு வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே ஒரு பெண். 36 ஆண்டுகளின் அளவு அதுதான்.

இந்தப் படம் மனதில் விழுந்த பிறகு டூயியின் பயிற்சி அட்டவணையைப் பற்றி எழுத யாருக்குக் கை வரும்?

சரி, ஏன் 36 ஆண்டு? சட்டென்று தோன்றும் விடை, எல்லாரும் 1600 ஓடுகிறார்கள், மைல் ஓடுபவர்கள் குறைவு, அதனால் சாதனை தப்பிப் பிழைத்தது என்பது. பள்ளிப் பருவம் முழுக்க 1600. மைல் என்பது அழைப்புப் போட்டிகளிலும் க்ரீன்ஸ்பரோ போன்ற பெரிய பந்தயங்களிலும் வருஷத்துக்கு ஓரிரு முறை கிடைக்கும் பண்டம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 3200 மீட்டரை வைத்தால் இந்த விடை சாய்ந்துவிடுகிறது. அதை நாடெங்கும் வாராவாரம் ஓடுகிறார்கள். அதில் டூயி முறியடித்த சாதனை கலிஃபோர்னியாவின் கிம் மார்டென்சன் 1996-ல் வைத்த 9:48.59. கழித்தால் 0.71 விநாடி. 22 ஆண்டுகளுக்கு நான்கு மீட்டர்கூடத் தேறவில்லை. 800 மீட்டரும் எல்லாரும் ஓடுவதுதான். கெய்ன் 2013-ல் 1:59.51 ஓடி முறியடித்தது கிம் கேலகர் வைத்திருந்த 2:00.07. அது எந்த ஆண்டு? மறுபடியும் 1982.

1982-ல் அப்படி என்ன இருந்தது என்று கேட்டால் பத்து ஆண்டு பின்னோக்கிப் போகவேண்டும். 1928 ஆம்ஸ்டர்டாமில் பெண்களுக்கு 800 மீட்டர் வைத்துவிட்டு, உடல் தாங்காது என்று 1960 வரை ஒலிம்பிக்கிலிருந்து தூக்கியிருந்த கதை இந்தத் தொடரின் வாசகர்களுக்குப் பழசு. 1972-ல் இரண்டு விஷயங்கள் நடந்தன. மியூனிக் ஒலிம்பிக்கில் பெண்கள் முதல்முறையாக 1500 மீட்டர் ஓடினார்கள். அதே ஆண்டு ஜூனில் அமெரிக்காவில் டைட்டில் ஒன்பது சட்டம் கையெழுத்தானது. அரசுப் பணம் வாங்கும் கல்வி நிலையங்களில் ஆண், பெண் பாகுபாடு கூடாது என்பது சட்டம். விளையாட்டும் அதற்குள் வந்தது. சட்டத்துக்கு முன் 1971-72 கல்வியாண்டில் பள்ளி விளையாட்டுகளில் பங்கெடுத்த மாணவிகள் 2,94,015 பேர். பத்தே ஆண்டில் 18 லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். ப்ளூமரும் கேலகரும் அந்தக் கதவு திறந்ததும் முதலில் உள்ளே ஓடிவந்த தலைமுறை.

இன்னொரு கழித்தல் மட்டும் போட்டுக்கொள்ள அனுமதி வேண்டும். 1982 ஜூலையில் பாரிஸில் மேரி டெக்கர் ஒரு மைலை 4:18.08-ல் ஓடி உலக சாதனை படைத்தார். அந்த உலக சாதனைக்கும் அமெரிக்கப் பள்ளி மாணவியின் சாதனைக்கும் இடையே 17 விநாடி. டூயி ஓடியபோது உலக சாதனை ஸ்வெட்லானா மாஸ்டர்கோவாவின் 4:12.56. இடைவெளி 21 விநாடி. பள்ளிப் பெண் 1.37 விநாடி முன்னேறினாள், உலகம் ஐந்தரை விநாடி முன்னேறிவிட்டது. கெய்னின் உள்ளரங்க 4:28.25-ஐக் கணக்கில் எடுத்தால் படம் கொஞ்சம் மாறும். ஆனால் அது மில்ரோஸ் போட்டியில் தொழில்முறை வீராங்கனைகளின் முதுகைப் பார்த்துக்கொண்டு ஓடியது. டூயிக்கு முன்னால் பெரும்பாலும் எந்த முதுகும் இல்லை.

அவருடைய பள்ளிக் காலத்தைப் பற்றி இந்தத் தொடர் சொல்ல விரும்புவதும் அதுதான். அவர் போட்டி போட்டது 1982-ன் கடிகாரத்தோடும் 1996-ன் கடிகாரத்தோடும். உயிருள்ள எதிராளிகள் குறைவு. 2018-ல் க்ளென்டோவரில் இரண்டாம் முறை வென்றபோது அவர் நேரம் 16:37.8. இரண்டாவதாக வந்தவர் அதே நியூயார்க் மாநிலத்தின் சரடோகா ஸ்பிரிங்ஸிலிருந்து வந்த கெல்சி ஷ்மீல். பார்வைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தார், கைக்கு எட்டும் தூரத்தில் இல்லை. அந்த 16:37.8 ஆறு ஆண்டு நின்றது. 2024-ல் யூட்டாவின் ஜேன் ஹெடன்கிரென் வந்துதான் அந்தத் தடத்தில் அதைவிட வேகமாக ஓடினார்.

உண்மையாகவே ஒருத்தி தோளோடு தோள் உரசியது 2019-ல். மூன்றாம் முறையாகவும் டூயிதான் வென்றார். நைக்கி கிராஸ் நேஷனல்ஸை மூன்று முறை வென்ற முதல் மாணவி அவர். ஆனால் இம்முறை வித்தியாசம் ஏறக்குறைய மூன்று விநாடிதான். துரத்தி வந்தவர் ஒஹையோவின் டெய்லர் யூவர்ட். அவர் யார் தெரியுமா? வேகநடைக்காரர்! ஒரு காலாவது எப்போதும் தரையில் இருக்கவேண்டும், முன்கால் மடங்கக் கூடாது என்று நடுவர்கள் அட்டை தூக்கிக்கொண்டு நிற்பார்களே, அந்த நடைப் போட்டியில் அமெரிக்க ஜூனியர்களில் முன்னணியில் இருந்தவர். நாட்டிலேயே ஓட்டத்தில் எதிராளி இல்லாத பெண்ணை, நடந்து பேர் வாங்கிய பெண் கடைசிவரை விடாமல் துரத்தியிருக்கிறார். இதற்கு ஒரு தனி வாரம் ஒதுக்கலாம். ஆசிரியர் குழு ஒப்புக்கொள்ளாது.

டூயிக்கு இன்னும் ஒரு பருவம் மிச்சமிருந்தது. பன்னிரண்டாம் வகுப்பின் வசந்தகாலம், அதாவது வெளியரங்கத் தடகளம், அதாவது 16 வயதில் ஓடிய மைலை 18 வயதில் திரும்ப ஓடிப் பார்க்கும் வாய்ப்பு. ஆண்டு 2020. கரோனா வந்து பள்ளிகளை மூடியது, போட்டிகள் மொத்தமாக ரத்தாயின. அவருடைய பள்ளிக் காலம் ஓடி முடியவில்லை, ஓடாமலே முடிந்துபோனது.

இங்கிருந்து ராலி நகரத்துக்கு, வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போயிருக்க வேண்டும். பள்ளியில் முதலாவதாக வந்த பெண்கள் பலர் கல்லூரியில் காணாமல் போவது ஏன், டூயி ஏன் காணாமல் போகவில்லை என்பதுதான் இந்த வாரத்துக்கு வாக்களித்த விஷயம். பக்கம் முடிந்துவிட்டது. பழியை 9.34 மீட்டர் மேல் போட்டுக்கொள்ளலாம்.

முன்னோட்டமாக இரண்டு செய்தி. 2023 ஜனவரியில் டூயி மன்ஹாட்டனின் ஆர்மரி உள்ளரங்கில் மைலை 4:24.26-ல் ஓடினார், அமெரிக்கக் கல்லூரிச் சாதனையாக. கெய்ன் 4:28.25 ஓடிய அதே ஓடுதளம். 168-வது தெருவில் 1911-ல் ராணுவத்துக்காகக் கட்டிய கட்டடம் அது. 1980-களில் வீடற்றவர்கள் நூற்றுக்கணக்கில் படுத்துறங்கும் கூடமாக இருந்து, பிறகு 1990-களில் மறுபடி ஓடுகளமானது. அந்தக் கூடத்தின் கதையையும் எங்காவது நுழைத்தாக வேண்டும்.

இரண்டாவது செய்தி 2023 நவம்பரில் சார்லட்ஸ்வில்லில் நடந்த தேசியக் கல்லூரி கிராஸ் கன்ட்ரி. முந்தைய ஆண்டு தனிநபர் சாம்பியனான டூயி அன்று ஐந்தாவதாகத்தான் வந்தார். ஆனால் கிராஸ் கன்ட்ரியில் அணியின் முதல் ஐந்து பேர் பிடித்த இடங்களைக் கூட்டுவார்கள், குறைந்த கூட்டுத்தொகைக்குத்தான் கோப்பை. டூயியின் அணிக்கு 123, அடுத்த அணிக்கு 124. க்ளென்டோவரில் டூயிக்குப் பின்னால் இரண்டாவதாக வந்த அதே கெல்சி ஷ்மீலும் அன்று அவர் அணியில். இந்த இரண்டு எண்களை வாசகர்கள் ஓரமாகக் குறித்து வைத்துக்கொள்ளவும். அடுத்த வாரம் அங்கிருந்துதான் தொடங்கவேண்டும்.

(தொடரும்)