வசனமே இல்லாமல் கேள்வி கேட்கும் படம்

103 நிமிடங்கள் ஓடும் அந்தப் படத்தில் கதாநாயகன் இல்லை. விளக்கம் சொல்லும் பின்னணிக் குரல் இல்லை. வசனமும் இல்லை என்றே சொல்லலாம். பாட்டு, ஆட்டம், பயணம் ஆகியவை மட்டுமே உண்டு.

1993ஆம் ஆண்டு வெளிவந்த ‘லாச்சோ ட்ரோம்’ என்ற அந்தப் படத்தை இயக்கியவர் டோனி கட்லிஃப். அல்ஜீரியாவில் பிறந்து பிரான்சில் குடியேறிய இவரது தாயார் ரோமா சமூகத்தைச் சேர்ந்தவர். ரோமானி மொழியில் படத்தின் பெயருக்கு ‘நல்ல பயணம்’ என்று பொருள்.

யார் இந்த ரோமா மக்கள்?

ஐரோப்பாவில் 10 முதல் 12 மில்லியன் ரோமா மக்கள் வாழ்வதாக மதிப்பிடப்படுகிறது. பல நூற்றாண்டுகளுக்கு முன் வட இந்தியாவிலிருந்து மேற்கே சென்றவர்களின் வழித்தோன்றல்கள் இவர்கள். மொழியே அதற்குச் சான்று. இந்தியில் ‘ஏக், தோ, தீன்’ என்பதை இவர்கள் ‘யேக், துய், த்ரின்’ என்கிறார்கள். தண்ணீருக்கு இரு மொழியிலும் ‘பானி’தான்.

எகிப்திலிருந்து வந்தவர்கள் எனத் தவறாக நினைத்து மற்றவர்கள் வைத்த பெயரே ‘ஜிப்சி’. பலர் அதை இழிசொல்லாகவே கருதுகிறார்கள். நாம் எளிதாகச் சொல்லும் ‘நாடோடி’யும் பொருந்தாது. இன்று இவர்களில் பெரும்பாலோர் நிலையான வீடுகளில் வசிப்பவர்கள்.

பாட்டே சாட்சி

படம் ராஜஸ்தானில் தொடங்கி எகிப்து, துருக்கி, ருமேனியா, ஹங்கேரி, சுலோவாக்கியா, பிரான்ஸ் வழியாக ஸ்பெயினில் முடிகிறது. ருமேனியாவில் முதிய வயலின் கலைஞர் ஒருவர் சர்வாதிகாரி சௌசெஸ்குவின் வீழ்ச்சியைப் பாடுகிறார். அந்த நாட்டில் 1850கள் வரை ரோமா மக்கள் அடிமைகளாக இருந்தனர். சுலோவாக்கியாவில் ஒரு மூதாட்டி ஆஷ்விட்ஸ் வதைமுகாமைப் பற்றிப் பாடுகிறார். நாஜிகள் கொன்ற ரோமா மக்களின் எண்ணிக்கை குறைந்தது 2 லட்சம் என்றும் 5 லட்சம் வரை இருக்கலாம் என்றும் வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள்.

இந்தப் புள்ளிவிவரம் எதையும் படம் சொல்வதில்லை. காவல்துறையும் அதிகாரிகளும் பத்திரிகைகளும் காலங்காலமாக இவர்களைப் பற்றிப் பேசிவிட்டார்கள். ‘திருடர்கள்’, ‘சோம்பேறிகள்’ என்ற முத்திரைகள் அப்படி வந்தவையே. அதனால் கட்லிஃப் மற்றவர்களின் குரலை நீக்கிவிட்டார்.

ஆனால் இதில் ஒரு குறையும் உண்டு. ரோமா என்றாலே பாடுபவர், ஆடுபவர் என்பதும் ஒரு முத்திரைதானே? மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் செல்லும் ரோமா குடும்பத்தை இந்தப் படத்தில் காண முடியாது.

நடந்ததை நடந்தவர்களே நடித்தபோது

அந்தக் குறையைத் தீர்க்கும் படம் ஒன்று 2013ல் வந்தது. போஸ்னியாவில் பழைய இரும்பு பொறுக்கி விற்பவர் நசிஃப் முயிச். கருவிலேயே குழந்தை இறந்துவிட, அவர் மனைவிக்கு உடனடி அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. காப்புறுதி அட்டை இல்லை, கையில் பணமும் இல்லை. மருத்துவமனை அவர்களைத் திருப்பி அனுப்பியது.

நாளிதழில் இதைப் படித்த இயக்குநர் டானிஸ் டனோவிச், நடிகர்களைத் தேடவில்லை. அதே தம்பதியரைத் தங்கள் வீட்டிலேயே நடிக்க வைத்து, சிறிய கேமராவில் ஒன்பது நாளில் படத்தை முடித்தார். ‘இரும்பு பொறுக்குபவரின் வாழ்வில் ஓர் அத்தியாயம்’ என்ற பொருள் தரும் தலைப்பு கொண்ட அப்படம், பெர்லின் திரைப்பட விழாவில் இரண்டு வெள்ளிக் கரடி விருதுகளை வென்றது. சிறந்த நடிகர் விருது முயிச்சுக்கே கிடைத்தது.

பிறகு என்ன ஆனது? ஜெர்மனியில் அவர் கேட்ட அடைக்கலம் மறுக்கப்பட்டது. வறுமையால் விருதையே விற்றார். 2018ல் காலமானார். திரையில் அவரைக் கண்டு கைதட்டிய உலகம், வெளியே அவருக்கு வழிவிடவில்லை.

ஏப்ரல் 8 அனைத்துலக ரோமா தினம். திரைப்படக் கழகம் இயங்கும் பள்ளி, கல்லூரி மாணவர்கள் இவ்விரு படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்து விவாதிக்கலாம். நம் பேச்சில் எந்தச் சமூகத்தின் மீது இப்படி முத்திரை குத்துகிறோம் என்ற கேள்வியோடு அந்த விவாதத்தைத் தொடங்கலாம்.